இடது கால் ஜெயித்த வருஷம்

என் வீட்டுக்காரர் உயிரோடு இருந்தவரை தண்ணீரை வடிகட்டாமல் குடித்ததில்லை. சட்டைப் பையில் எப்போதும் நாலாக மடித்த ஒரு வெள்ளைத் துணி இருக்கும். கல்யாண வீட்டுப் பந்தியில் எல்லோரும் ரசத்துக்குப் போயிருப்பார்கள், இவர் மட்டும் ஒரு டம்ளர் வாயில் துணியைப் போர்த்தி இன்னொரு டம்ளர் தண்ணீரை அதில் ஊற்றிக்கொண்டிருப்பார். ஊருக்குள் குழாய் வந்த பிறகும் இதே கூத்துதான். ஏதோ விரதம் என்று நினைத்துக் கும்பிட்டவர்கள்கூட உண்டு. எனக்கு எரிச்சல் எரிச்சலாக வரும். "பைப்புத் தண்ணியில என்னத்தைக் கண்டீக" என்பேன். அவர் துணியைப் பிழிந்து, உதறி, கொடியில் காயப்போடுவார்.

இன்னொன்றும் உண்டு. பிறர் குடிக்கக்கூடிய தண்ணீரில் அவர் கால் வைக்க மாட்டார். குண்டாற்றில் தண்ணீர் வருவதே அபூர்வம். வந்துவிட்டால் திருச்சுழியைச் சுற்றியுள்ள சனமெல்லாம் இறங்கிக் கும்மாளம் போடும். இவர் கரை மணலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நிற்பார். அதிலும் இடது காலை வலது காலுக்குப் பின்னால் ஒளித்துவைத்துக்கொண்டு நிற்பார்.

வருஷத்தில் ஒரு தடவையாவது, சாப்பிட்டுக்கொண்டே இருக்கும்போது கை நின்றுவிடும். "ஏ புள்ள, அது எங் கால்லருந்து போனதாத்தான் இருக்குமோ" என்று கேட்பார். "சோறு ஆறுது, சாப்பிடுங்க" என்பேன். அவருடைய தங்கச்சியின் உயிரை வாங்கியது எது என்பதுதான் அந்தக் கேள்வி. இப்போது அவர் இல்லை. கேள்வி மட்டும் வீட்டுக்குள் நடமாடிக்கொண்டிருக்கிறது. சாப்பாட்டுத் தட்டை எடுத்துவைக்கும்போதெல்லாம் யாரோ கேட்கிற மாதிரி இருக்கிறது.

நான் வாக்கப்பட்டு வந்தபோது உலகச் சண்டைக்காலம். பர்மாவிலிருந்து உயிர் பிழைத்து வந்தவர்கள் ஊருக்கு ஊர் இருந்தார்கள். மண்ணெண்ணெய் கிடைக்காது. பஸ்ஸு கரியில் ஓடும், மேட்டைக் கண்டால் நின்றுவிடும். நான் பிறந்தது அருப்புக்கோட்டைக்குப் பக்கத்து ஊர். அங்கே கிணற்றுக்குக் கப்பி உண்டு, கயிறு போட்டு இறைப்போம். புகுந்த ஊரோ திருச்சுழிக்குத் தெற்கே, சுற்றிலும் கரிசல், பருத்தியும் சோளமும்தான் வெள்ளாமை. குடிதண்ணீருக்கு ஊருக்கே ஒரு படிக்கிணறு. ஒரு பக்கம் முழுவதும் கல்படி கட்டி, தண்ணீர்வரைக்கும் இறங்கிப் போகலாம். ஐப்பசி மழைக்கு மேல்படிவரை ததும்பும். பங்குனி பிறந்தால் தண்ணீர் அடியாழத்துக்குப் போய்விடும். பெண்கள் கடைசிப் படியில் கணுக்கால் முங்க நின்று குடத்தைச் சாய்த்து முக்குவார்கள். அந்தத் தண்ணீரைத்தான் குடித்தோம், அதில்தான் உலை வைத்தோம்.

அந்த ஊருக்கு ஒரு நோய் உண்டு. நரம்புச் சிலந்தி என்பார்கள். வலை பின்னுகிற பூச்சி இல்லை இது. நூல் மாதிரி ஒரு புழு, காலுக்குள் இருந்து வெளியே வரும். முதலில் ஓரிடத்தில் அரிக்கும், பிறகு தீக்கங்கை வைத்து அழுத்தினாற்போல எரியும், கொப்புளம் கிளம்பும். கொப்புளம் உடைந்தால் உள்ளேயிருந்து வெள்ளையாக ஒரு முனை எட்டிப் பார்க்கும். முழம் கணக்கில் உள்ளே கிடக்கும். வெடுக்கென்று இழுத்துவிட முடியாது. அறுந்துபோனால் மிச்சம் உள்ளேயே அழுகிக் கால் பானையாக வீங்கிவிடும். அதனால் முனையை ஒரு குச்சியில் மாட்டி, அன்றாடம் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி எடுக்க வேண்டும். சுற்றாத நேரத்தில் குச்சியைக் காலோடு கட்டிக்கொண்டு திரிய வேண்டும். பருத்தி எடுப்பு நடக்கிற கோடையில்தான் இதுவும் வரும். கல்யாணமாகி வந்த முதல் கோடையில் காட்டுக்குப் போனேன். நிரையில் நின்ற பெண்களில் பாதிப்பேர் காலில் குச்சி கட்டியிருந்தது. அப்படியே திரும்பி எங்கள் அப்பா வீட்டுக்கு நடந்துவிடலாமா என்று இருந்தது.

அந்தப் பருத்திக் காடுதான் ஊரின் வைத்திய சபை. யார் என்ன மருந்து பார்த்தார்கள், யார் முதலில் வேலைக்கு வந்தார்கள் என்று பெண்கள் வாய் ஓயாமல் பேசுவார்கள். ஒருத்தி ஆமணக்கு இலையை வதக்கிக் கட்டியிருப்பாள். ஒருத்தி பெருங்காயத்தைக் கருப்பட்டியில் உருட்டி விழுங்கியிருப்பாள். சிலந்தி எப்படியும் ஒருநாள் வெளியே வரத்தான் செய்யும், அதனால் குணமாச்சா என்று யாரும் கேட்பதில்லை. குனிய முடிந்ததா, ராத்திரி கண் மூட முடிந்ததா, எத்தனை எடுப்பு வீணாய்ப்போனது, இதுதான் கேள்வி. "எலை கட்டுனவ இன்னுங் கட்டில்ல கெடக்கா, அந்தா பாரு பெருங்காயம் தின்னவ மடி நெறைய எடுத்துட்டா" என்று தீர்ப்புச் சொல்வார்கள். வம்புதான், ஆனால் வெறும் வம்பு இல்லை. காலை நம்பிப் பிழைக்கிறவர்களுக்கு வேறு எதைக் கேட்கத் தெரியும்.

இரண்டாவது கோடையில் என் வீட்டுக்காரருக்கு வந்தது. வலது கணுக்காலில் ஒன்று, இடது கெண்டைக்காலில் ஒன்று. ஆள் பார்க்கத்தான் மலை மாதிரி. முரட்டுக் காளையை ஒற்றைக் கையால் இழுத்துக் கட்டுவார். தலைவலி வந்தால் ஊரைக் கூட்டிவிடுவார். இரண்டு காலிலும் சிலந்தி என்றதும் கேட்க வேண்டுமா. "நான் செத்தேன்" என்று கட்டிலில் விழுந்தவர்தான். இவருடைய அப்பா காலமாகி வெகுநாள் ஆகியிருந்தது. வீட்டில் மாமியார், நான், கல்யாணத்துக்கு நிற்கிற நாத்தனார். ஏர் பிடிக்க அவர் ஒருவர்தான். ஆடி உழவுக்கு அவர் எழுந்து நிற்காவிட்டால் அந்த வருஷம் நிலம் தரிசு, நாங்கள் நாலு பேரும் அடுத்தவர் காட்டில் கூலி.

செய்தி கேட்டு எங்கள் அப்பா வந்தார். அருப்புக்கோட்டையில் பர்மாவிலிருந்து வந்த ஒரு டாக்டர் ஒரு அறையை வாடகைக்குப் பிடித்து வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தார். கீறி எடுத்துவிடுவார், அங்கே போகலாம் என்றார் அப்பா. என் மாமியாருக்கு அது ஆகவில்லை. எம்.ரெட்டியபட்டிப் பக்கமிருந்து ஒருவர் ஊர் ஊராக வருவார், சிலந்தி சுற்றுவதில் கைதேர்ந்தவர். அவரைத்தான் அவர்கள் நம்பினார்கள்.

"கத்திய வச்சு அறுத்துப்புட்டான்னா நான் யாருகிட்டப் போயி நிக்க. ஒத்தை ஆம்பளை இருக்கிற வீடு சம்பந்தி" என்றார்கள் மாமியார்.

"குச்சியச் சுத்திக்கிட்டு ரெண்டு மாசம் ஒக்காந்திருந்தா ஏர யாரு பிடிக்கிறது, நீங்களா" என்றார் எங்கள் அப்பா.

பேச்சு தடித்துக்கொண்டே போனது. என்னைப் பெண் கேட்டு வந்ததிலிருந்து எல்லாக் கணக்கும் வெளியே வந்தது. நான் அடுப்படியில் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். என் நாத்தனார்தான் கம்பு இடித்துக்கொண்டிருந்த உலக்கையை நிறுத்திவிட்டுச் சொன்னாள்.

"எதுக்கு இம்புட்டுச் சண்டை. ரெண்டு காலு இருக்குல்ல, ஆளுக்கு ஒண்ணா வச்சிக்கிருங்க."

எல்லோரும் சிரித்துவிட்டோம். கட்டிலில் கிடந்தவரும் சிரித்தார். சிரித்து முடித்த பிறகு பார்த்தால் அதுதான் முடிவாகியிருந்தது. யாருக்கும் விட்டுக்கொடுத்த மாதிரி ஆகாது, யாருக்கும் முகம் கோணாது. வலது கால் எங்கள் அப்பாவுக்கு, இடது கால் மாமியாருக்கு. அன்றிலிருந்து ஊரே வலது காலை மாமனார் கால் என்றும் இடது காலை அம்மா கால் என்றும் சொல்ல ஆரம்பித்தது. எந்தக் கால் ஜெயிக்கும் என்று காட்டில் பேச்சு.

வண்டி கட்டி, பிறகு கரி பஸ்ஸு ஏறி, டவுனுக்குப் போய் வலது காலைக் காட்டினோம். டாக்டர் கீறினார். இவர் துண்டை வாயில் கடித்துக்கொண்டு போட்ட சத்தம் தெரு முழுக்கக் கேட்டிருக்கும். சுருண்டு கிடந்ததை எடுத்துப் போட்டுவிட்டு மருந்து வைத்துக் கட்டினார். இடது காலிலும் கொப்புளத்தைப் பார்த்துவிட்டு, இதையும் எடுத்துவிடலாமே என்றார். எங்கள் அப்பா தரையைப் பார்த்தபடி, அது அவுக அம்மா பொறுப்புங்க என்றார். டாக்டர் ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு, "கட்டை நனைச்சிராதீங்க. தண்ணியே படக் கூடாது" என்று மட்டும் சொன்னார். ஏன் என்று அவர் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. புண்ணுக்காகச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டோம்.

இரண்டு நாள் கழித்துச் சிலந்தி சுற்றுகிறவர் வந்தார். அமைதியான மனுஷன், கை அவ்வளவு மெது. இடது காலில் கொப்புளம் உடைந்திருந்தது. அதைப் பார்த்துவிட்டு, முதல் காரியமாக இவரைப் படிக்கிணற்றுக்குக் கூட்டிவரச் சொன்னார். நானும் நாத்தனாரும் ஆளுக்கு ஒரு தோளைப் பிடித்துப் படியிறக்கினோம். கட்டுப் போட்ட வலது காலை ஒரு படி மேலே மடக்கி வைத்து, இடது காலைத் தண்ணீருக்குள் விடச் சொன்னார். "தண்ணியக் கண்டா அது தலைய நீட்டும்" என்றார்.

காலை வைத்ததும் இவர் முகத்தில் வந்த நிம்மதியை இன்றைக்கும் என்னால் பார்க்க முடிகிறது. எரிச்சல் அப்படியே அடங்கிவிட்டது. புண்ணிலிருந்து வெள்ளையாக ஒன்று தண்ணீரில் கலந்தது, அரிசி களைந்த தண்ணீர்போல. சுருள் சுருளாகப் பரவிக் கரைந்துபோனது.

"விசம் எறங்குது பாருங்க" என்றார் சிலந்தி சுற்றுகிறவர். படியில் நின்ற பெண்கள் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். விஷம் இறங்குகிறது, நல்லது என்று தலையாட்டினார்கள். நானும் பார்த்தேன். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. கண்ணால் பார்க்கிறோமே, வலி கொடுத்த சனியன் காலை விட்டுப் போகிறது என்று.

என் நாத்தனார் கையோடு குடம் கொண்டுவந்திருந்தாள். "அண்ணே, ஓங் காலைச் செத்தத் தள்ளி வையி, கொடம் முங்கணும்" என்றாள். இவர் காலைத் தள்ளாமல் விரலால் தண்ணீரை எத்தி அவள்மேல் அடித்தார். அவள் கையால் மேல்தண்ணீரை இப்படியும் அப்படியும் விலக்கிவிட்டு, காலுக்குப் பக்கத்திலேயே குடத்தை முக்கினாள். ஏறிப் போகும்போது இடுப்புக் குடத்திலிருந்து ஒரு கை அள்ளிக் குடித்துவிட்டு மிச்சத்தை இவர் தலையில் தெளித்தாள். அவ்வளவுதான் நடந்தது. அதைத்தான் அவர் சாகிறவரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு அன்றாடம் சாயங்காலம் கிணற்றுப் படிதான். இவர் பெறுகிற சுகத்தைப் பார்த்து, காலில் சிலந்தி வந்த மற்றவர்களும் வந்து வரிசையாக உட்கார்ந்து காலை நனைக்க ஆரம்பித்தார்கள். முன்பு எப்போதாவது யாராவது செய்ததுதான், அந்த வருஷம் அது வழக்கமாகவே ஆகிவிட்டது. ஊர்க்கதை பேசுவார்கள், சிரிப்பார்கள். பருத்தி எடுத்துவிட்டு வருகிற பெண்கள் மேல்படியிலிருந்து கேட்பார்கள்.

"என்ன மாப்ளே, எந்தக் காலு எப்பிடி இருக்கு?"

"மாமனாரு காலு உசுர வாங்குது. அம்மா காலு சொகமா இருக்கு" என்பார் இவர், நீதிபதி மாதிரி.

பொய் சொல்லவில்லை. வலது கால் புண் சீழ் கட்டியது. கட்டு மாற்ற எங்கள் அப்பா வண்டியோடு வந்து டவுனுக்குக் கூட்டிப்போகும்போதெல்லாம் இவர் போடுகிற கூப்பாட்டில் மாடு மிரளும். தண்ணீர் பட்டால்தான் எரிச்சல் அடங்கும், அந்தக் காலில்தான் தண்ணீர் படக் கூடாதே. இடது காலோ நாளுக்கு நாள் குச்சியில் சுற்றிச் சுற்றி, ஒருநாள் முழுசாக வெளியே வந்துவிட்டது. மாமியார் அந்தக் குச்சியைக் கூரையில் செருகிவைத்தார்கள், வருகிறவர் போகிறவர் பார்க்கட்டும் என்று. கடைசியில் இரண்டு காலும் ஏறத்தாழ ஒரே சமயத்தில் ஆறின. ஆடியில் இவர் ஏர் பிடித்தார். எங்கள் அப்பா ஒருநாள் வந்து கூரையில் இருந்த குச்சியைப் பார்த்தார். சாப்பிட்டுவிட்டுப் போனார். இடது கால் ஜெயித்தது என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. அதற்குப் பிறகு யாரும் டவுன் பக்கம் போகவில்லை.

எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வருவது எதற்கென்றால், அந்தத் தீர்ப்பில் தப்பு இல்லை. ஒரே ஆள், ஒரே கோடை, ஒரே நோய். ஒரு காலுக்கு ஒரு வைத்தியம், மறு காலுக்கு மறு வைத்தியம். இதைவிட நியாயமாக யார் ஒப்பிட்டுப் பார்க்க முடியும். வலித்தவரையே கேட்டோம், அவரும் உள்ளதைச் சொன்னார். எல்லாம் சரியாகத்தான் செய்தோம்.

அடுத்த பங்குனியில் ஊரில் ஒரு வீடு பாக்கியில்லை. சில வீட்டில் இரண்டு பேர், மூன்று பேர். இத்தனை சிலந்தியை யாரும் பார்த்ததில்லை என்றார்கள். காற்று சரியில்லை என்றார்கள், அம்மனுக்குப் பொங்கல் வைக்காத குற்றம் என்றார்கள். என் நாத்தனாருக்கு வலது கணுக்காலுக்கு மேலே கொப்புளம் வந்தது. வைகாசியில் அவளுக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்தோம். மணவறையில் நொண்டாமல் சுற்றி வர வேண்டுமே என்பதுதான் அவள் கவலை. எங்கள் அப்பா மறுபடியும் ஆள் அனுப்பினார், டவுனுக்குக் கூட்டிவாருங்கள் என்று. அவள் தன் அண்ணனிடம் போனாள். நான் பக்கத்தில் மாட்டுக்குத் தவிடு கரைத்துக்கொண்டிருந்தேன்.

"அண்ணே, ரெண்டையும் அனுபவிச்சவன் நீ ஒருத்தந்தான். எந்தக் காலு, சொல்லு" என்றாள்.

இவர் சிரித்துக்கொண்டே தன் இடது தொடையைத் தட்டிக் காண்பித்தார். "இதுதாந் தாயீ. அந்தக் கத்திகிட்ட மட்டும் போயிராத."

அவளும் போகவில்லை. சாயங்காலம் கிணற்றுப் படியில் உட்கார்ந்து காலை நனைத்தாள். சிலந்தி சுற்றுகிறவர் வந்து பதமாகத்தான் சுற்றினார். பாதிக்கு மேல் வந்துவிட்டது. கல்யாணச் சேலைக்கென்று கூடுதலாகப் பருத்தி எடுக்கப் போனவள், காலில் கட்டிய குச்சியோடு நிரையில் வேகமாக நடந்திருக்கிறாள். காய்ந்த பருத்திமார்த் தண்டில் குச்சி மாட்டி இழுத்துவிட்டது. மடியில் பருத்தியோடு என்னிடம்தான் வந்தாள். "மதினி, அறுந்துபோச்சு" என்றாள். அம்மாவிடம் சொல்ல வேண்டாம், கல்யாணத்தைத் தள்ளிவைத்துவிடுவார்கள் என்றாள். முகத்தில் பயமில்லை. சேலையில் கறை பட்டுவிட்ட மாதிரி ஒரு சங்கடம்தான் இருந்தது.

கால் வீங்கியது. மறைக்க முடியுமா. மாமியார் சாணிச் சாம்பலைச் சூடாக வைத்துக் கட்டினார்கள். காய்ச்சல் வந்தது. பிறகு ஒரு காலையில் கஞ்சியைக் கொண்டுபோனேன், வாயைத் திறக்க முடியவில்லை என்று கையைக் காட்டினாள். தாடை இறுகிவிட்டது. உடம்பு வில்லாக வளைந்து வளைந்து நின்றது. அந்தப் பெயரை எழுத எனக்கு இஷ்டமில்லை, தெரிந்தவர்களுக்குத் தெரியும். வண்டி கட்டி டவுனுக்குக் கொண்டுபோனோம். டாக்டர் பார்த்துவிட்டு இவர் தோளில் கையை வைத்தார். கத்தி எடுக்கவில்லை. திரும்பி வருகிற வழியில் அவள் தண்ணீர் கேட்டாள், கண்ணால். நான் சேலைத் தலைப்பை நனைத்துப் பல்லிடுக்கில் பிழிந்தேன். பாதி உள்ளே போனது, பாதி கழுத்தில் வழிந்தது. ஊர் எல்லைக்கு வருவதற்குள் அடங்கிவிட்டாள்.

அவள் காரியம் முடிந்து கொஞ்ச நாளில் சுகாதார அதிகாரி ஒருவர் சைக்கிளில் வந்தார். ஊர் முழுக்கச் சிலந்தி என்று எப்படியோ சேதி போயிருக்கிறது. கிணற்றின் மேலே நின்று படியில் வரிசையாக உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தார். எல்லோரையும் மேலே வரச் சொன்னார். மண்ணில் குச்சியால் படம் போட்டுப் பொறுமையாக விளக்கினார். காலை நனைத்ததும் வெள்ளையாக வருகிறதே, அது விஷம் இல்லை, அந்தப் புழுவின் குஞ்சுகள், கண்ணுக்குத் தெரியாது. தண்ணீரில் இருக்கிற பொடிப் பூச்சி அதைத் தின்னும். அந்தப் பூச்சியோடு தண்ணீரை நாம் குடிப்போம். உள்ளே போனது வளர்ந்து காலில் வந்து நிற்கும்.

"எம்புட்டு நாளாகும்?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர்.

"ஒரு வருஷம் ஆகும், சுமாரா."

"ஒரு வருசமா?"

"ஆமா. போன கோடையில குடிச்சது இந்தக் கோடையில வரும்."

இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நானும் பார்த்தேன். இரண்டு பேருக்கும் ஒரே படிதான் தெரிந்தது, ஒரே குடம்தான் தெரிந்தது.

படிகளை மூடிவிட்டு, சுற்றிலும் சுவர் எழுப்பி, கப்பி போட்டு இறையுங்கள் என்றார் அதிகாரி. அதுவரை தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் குடியுங்கள் என்றார். ஊர் ஒப்புக்கொள்ளவில்லை. "படிய அடைச்சுட்டா காலை எங்கிட்டு நனைக்க? கேக்கிறது ஒரே ஒரு வைத்தியம், அதையும் மூடச் சொல்றாரு" என்றாள் ஒருத்தி. அவளைக் குற்றம் சொல்ல மாட்டேன். அவள் கால் அப்போது எரிந்துகொண்டிருந்தது.

மறுநாள் காலையில் இவர் வண்டியில் கல் ஏற்றிக்கொண்டு போய்க் கிணற்றடியில் கொட்டினார். வாய்ச்சண்டை வந்தது, ஒருவர் மேல்துண்டைப் பிடித்து இழுத்தார். இவர் அடுத்த வண்டிக் கல் ஏற்றப் போனார். தங்கச்சியைப் பறிகொடுத்தவன் என்று நாலு பேர் கூடக் கை கொடுத்தார்கள். சிலந்தி சுற்றுகிறவரும் வந்தார். "நான் ஒருத்தருக்கும் கெடுதல் நெனைக்கலையேப்பா" என்றார். பிறகு அவரும் ஒரு கல்லைத் தூக்கினார். மழைக்கு முன்னால் படிகள் அடைபட்டுக் கப்பி ஏறியது. அதற்கடுத்த கோடையில் இன்னும் பலருக்கு வந்தது. அதற்குப் பின் குறைந்து குறைந்து, பிறகு வரவேயில்லை. அது போனதை யாரும் கவனிக்கக்கூட இல்லை. கூரையில் செருகியிருந்த குச்சியை மாமியார் எப்போது எடுத்து எறிந்தார்கள் என்று எனக்குத் தெரியாது.

அந்த வரிசையில் எத்தனையோ பேர் உட்கார்ந்திருந்தார்கள், யார் காலிலிருந்து போனது என்று யாருக்குத் தெரியும் என்று அவரிடம் ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன். அதிகாரியிடமே அவர் கேட்டார். அதெல்லாம் சொல்ல முடியாதுங்க என்றுதான் அவரும் சொன்னார். "எங் காலுக்குப் பக்கத்துலதான கொடத்த முக்குனா" என்பார் இவர். சில நாள் அவரைக் கட்டிக்கொண்டு அழத் தோன்றும். சில நாள் தட்டைப் பிடுங்கி எறியத் தோன்றும். செத்தவளைவிட இவரைத்தான் அதிகம் இழந்தேன் என்றுகூட நினைத்திருக்கிறேன். அப்படி நினைத்ததற்கு அவள் கோபப்பட மாட்டாள்.

காலைப் பற்றிக் கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டோம். வலித்ததா, வீங்கியதா, எப்போது நடந்தார். அந்த வெள்ளை எங்கே போகிறது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. வலது கால் இவரைக் கதறவைத்தது, ஊரில் வேறு யாரையும் அது தொடவில்லை. கட்டு நனையக் கூடாது என்று தூக்கி வைத்திருந்ததால் மட்டும்தான் அதுவும். டாக்டருக்குக் காரணம் தெரிந்திருக்குமோ, தெரியாதோ. தெரிந்திருந்தால் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எங்கள் அப்பா கடைசிவரை, நான் சொன்னேனே என்று ஒரு நாளும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் நான் அவர் வீட்டு வாசலை மிதித்திருக்க மாட்டேன்.

அவர் போய்ச்சேர்ந்தது நல்ல வயசாகி, ஒரு மாசி மாதத்தில். படுத்த பிறகு என்னிடம் கேட்டுக்கொண்டது ஒன்றுதான். "என்னையக் குளிப்பாட்டுற தண்ணி கெணத்துப் பக்கம் ஓடக் கூடாது. பாத்துக்க."

எங்கள் பக்கத்தில் இறந்தவரைக் குளிப்பாட்ட நீர்மாலை எடுப்பார்கள். பங்காளிகள் மேளத்தோடு போய்த் தண்ணீர் கொண்டுவருவார்கள். அதே கிணற்றுத் தண்ணீர்தான் வந்தது. வாசலில் பெஞ்சைப் போட்டு அவரைக் கிடத்தினார்கள். எங்கள் வாசல் கிணற்றைப் பார்த்துச் சரிவு. நான் மண்வெட்டியைக் கேட்டேன்.

"எதுக்கும்மா" என்றான் என் மகன். சொன்னேன். "இப்ப ஏதும்மா சிலந்தி. அதெல்லாம் போயி எந்தக் காலமாச்சு. எல்லாரும் நிக்கிறாக" என்றான். நின்றவர்களில் பாதிப்பேருக்குச் சிலந்தி என்றால் என்னவென்றே தெரியாது. கிழவிக்குத் துக்கத்தில் புத்தி கலங்கிவிட்டது என்று யாரோ மெதுவாகச் சொன்னது காதில் விழுந்தது.

நானே போய் மண்வெட்டியை எடுத்துவந்தேன். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, பெஞ்சுக்குக் கீழே குழி வெட்ட ஆரம்பித்தேன். மேளம் நின்றுவிட்டது. மகன் என் கையிலிருந்து மண்வெட்டியை வாங்கி, கிணற்றுப் பக்கம் வரப்பு அணைத்து, ஆழமாக வெட்டிக் கொடுத்தான். பிறகு தண்ணீர் ஊற்றினார்கள். தலைக்கு மகன் ஊற்றினான். கெண்டைக்காலில் தழும்பு அப்படியே இருந்தது, ஒரு மிளகு அளவுக்கு. இடது காலை நான்தான் கழுவினேன், அவர் பையில் இருந்த அந்த நாலு மடிப்புத் துணியால்.

தூக்க நேரமாகிவிட்டது என்று அவசரப்படுத்தினார்கள். நான் துணியைக் குழிக்குள் போட்டுவிட்டு அங்கேயே நின்றேன். தண்ணீர் முழுவதும் கரிசலுக்குள் இறங்கி, ஒரு சொட்டுகூட அந்தப் பக்கம் போகவில்லை என்று பார்த்த பிறகுதான் அவரை எடுக்கச் சொன்னேன்.